சாவி நுழைந்தது, பூட்டு திறக்கவில்லை

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி என் கணினிக் கடைக்கு வந்தார்கள். மஞ்சள் பைக்குள் மடிக்கணினி, ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய வெள்ளை கேபிள் ஒன்று. சிங்கப்பூரில் இருக்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோது பெரிய மானிட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பேத்திகள் வீடியோவில் பேசும்போது முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று. அவர் இருந்தவரை படம் வந்தது. விமானம் ஏறியதும் நின்றுவிட்டது.

"தம்பி, வயரு கச்சிதமா உள்ள போகுது. மானிட்டர்ல லைட்டும் எரியுது. படம் மட்டும் வரமாட்டேங்குது. மானிட்டர் போயிருச்சா?"

கேபிளைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. போனுக்குச் சார்ஜ் போடும் மெல்லிய டைப்-சி கேபிள். மகன் ஊருக்குப் போகும்போது தன் கேபிளை எடுத்துக்கொண்டு போயிருப்பார். வீட்டில் அதே முனையுள்ள வேறொன்று கிடந்தது, ஆச்சி அதைச் செருகியிருக்கிறார்கள். மேசை இழுப்பறையிலிருந்து தடிமனான கேபிள் ஒன்றை எடுத்துக் கடை மானிட்டரில் மாட்டினேன். ஆச்சியின் திரையில் இருந்த பிள்ளையார் படம் அப்படியே பெரிதாக வந்து நின்றது.

"முனை ஒண்ணுதானே தம்பி?"

"ஆச்சி, பெரிய வீட்டுச் சாவிக் கொத்துல ஒரே மாதிரி நாலு சாவி கிடக்கும்ல? நுழையுற சாவியெல்லாம் திறக்குமா?"

"அதெப்படித் திறக்கும்? உள்ள பல்லு ஒத்துப்போகணும்ல."

கணினிச் சாமான்கள் பற்றியும் மென்பொருள் மாற்றுவது பற்றியும் காரைக்குடியில் என் கடைக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆச்சி சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. பல் ஒத்துப்போக வேண்டும். கடைக்காரர்கள் இதைக் 'கம்பேட்டிபிளா இல்லையா' என்பார்கள். நாம் பொருத்தம் என்று சொல்வோம். வெளியே தெரியும் உருவம் ஒன்று. உள்ளே ஓடும் மின்சாரம் இன்னொன்று. இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் மொழி வேறொன்று. அந்த மொழியைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள் கடைசி. நான்கும் ஒத்தால்தான் வேலை நடக்கும். நம் கண்ணுக்குத் தெரிவது உருவம் மட்டும் என்பதால் அதை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறோம்.

முனை ஒன்று, உள்ளே வேறு

யூஎஸ்பி 1996-ல் வந்தது. அதற்கு முன் மவுஸுக்கு ஒரு துளை, பிரிண்டருக்கு ஒரு துளை, மோடத்துக்கு ஒரு துளை என்று கணினியின் முதுகு முழுக்கத் துளைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே வாசல் என்பதுதான் யூஎஸ்பியின் நோக்கம். 2000-ல் வந்த 2.0 நொடிக்கு 480 மெகாபிட் வேகம் கொண்டது. 2008-ல் அறிமுகமான 3.0 நொடிக்கு 5 கிகாபிட், அதாவது பத்து மடங்குக்கு மேல். இந்த இரண்டுக்கும் பழைய நீள்சதுர முனையின் உருவம் ஒன்றே. வித்தியாசம் தெரிவதற்காகப் பல நிறுவனங்கள் 3.0 துளையின் உள்நாக்கை நீல நிறத்தில் வைத்தன. உங்கள் கணினியில் கறுப்பு நாக்கும் நீல நாக்கும் அடுத்தடுத்து இருந்தால் காரணம் இதுதான்.

கல்யாண வீட்டுப் போட்டோக்கள் நூறு ஜிபி இருக்கிறது என்று வையுங்கள். வெளி ஹார்டு டிஸ்க்கைக் கறுப்புத் துளையில் செருகி ஏற்றினால் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. அதே டிஸ்க், அதே போட்டோ, நீலத் துளை என்றால் கால் மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். 'என் டிஸ்க் மெதுவா இருக்கு, மாத்தணுமா' என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தத் துளையில் செருகினீர்கள் என்றுதான்.

இதே நீலத் துளையில் ஒரு சங்கடமும் உண்டு. வயரில்லா மவுஸின் சின்ன ரிசீவர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகிறது. யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதே அலைவரிசையில் இரைச்சலைக் கசிய விடும். பக்கத்துத் துளையில் ஹார்டு டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் மவுஸ் துள்ளும், சில சமயம் நின்றுவிடும். மவுஸ் கெட்டுப்போய்விட்டது என்று புதிது வாங்கி, அதுவும் துள்ளுகிறது என்று வந்தவர்கள் இருக்கிறார்கள். ரிசீவரை எதிர்ப்பக்கத்துக் கறுப்புத் துளைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

2014-ல் வந்த டைப்-சி இந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டது. எப்படிப் புரட்டிச் செருகினாலும் போகும், அது நல்ல வசதி. ஆனால் டைப்-சி என்பது முனையின் வடிவத்துக்குப் பெயர். வேகத்துக்கும் திறமைக்கும் அது பெயரல்ல. அந்த முனைக்குள் 24 தொடர்புப் புள்ளிகள் இருக்கின்றன. போன் சார்ஜ் கேபிள்கள் பலவற்றில் மின்சாரத்துக்கும் பழைய 2.0 வேகத்துக்கும் தேவையான கம்பிகள் மட்டுமே இருக்கும். படம் போகிற கம்பிகளே கிடையாது. ஆச்சியின் வெள்ளை கேபிள் அந்த இனம். கேபிள் சரியாக இருந்தாலும் மடிக்கணினியின் டைப்-சி துளை படம் அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும். துளையின் பக்கத்தில் மின்னல் குறியோ, டி-பி என்ற எழுத்துகள் கொண்ட சின்னமோ இருந்தால் நல்லது. ஒன்றும் இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டுச் சாமான்

நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார்கள். அதனால் இந்தப் பகுதியை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் சாமான்களின் பிளக்கில் மூன்று சதுரக் கால்கள் இருக்கும். நம் சுவரில் போகாது. ஆனால் அங்கேயும் 230 வோல்ட்டை ஒட்டிய மின்சாரம்தான், 50 ஹெர்ட்ஸ்தான். உருவம் மட்டும் வேறு. பிளக் மாற்றும் கட்டை ஒன்று போட்டால் தாராளமாக ஓடும்.

அமெரிக்காவிலிருந்து வருவது அப்படியல்ல. அங்கே 120 வோல்ட். தேவகோட்டையில் ஒரு வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஸ்பீக்கர் செட் வந்தது. தட்டைக் கால் பிளக், அதற்கு ஒரு கட்டை வாங்கி நம் சுவரில் செருகிவிட்டார்கள். அந்தக் கட்டை காலின் வடிவத்தை மாற்றும், வோல்ட்டை மாற்றாது. சுவிட்சைப் போட்ட நொடியில் கருகல் வாடை. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அண்ணன் ஆசையாக அனுப்பியது.

இதைத் தடுக்க ஒரே ஒரு வரி படித்தால் போதும். எந்த அடாப்டரின் முதுகிலும் பொடி எழுத்தில் 'இன்புட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 100-240 என்று போட்டிருந்தால் உலகத்தில் எந்த ஊரிலும் செருகலாம். மடிக்கணினி, போன் அடாப்டர்கள் அநேகமாக எல்லாமே இப்படித்தான். 120 என்று மட்டும் போட்டிருந்தால் அதைச் சுவரிடம் கொண்டுபோக வேண்டாம். ஸ்பீக்கர், பிரிண்டர், மிக்ஸி போன்றவற்றில் கட்டாயம் பாருங்கள்.

அடுத்த வரி 'அவுட்புட்'. மடிக்கணினி சார்ஜர் தொலைந்துபோய் வேறொன்று வாங்கும்போது இது முக்கியம். பழையதில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றிருந்தால், புதியதிலும் 19.5 வோல்ட் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. வோல்ட் என்பது தள்ளுகிற அழுத்தம், அது மாறினால் ஆபத்து. ஆம்பியர் என்பது கிடைக்கக்கூடிய அளவு. கிணற்றில் தண்ணீர் கூடுதலாக இருந்தால் தவறில்லை, தேவையானதை மட்டும் இறைத்துக்கொள்ளும்.

டைப்-சி சார்ஜர்கள் இதில் ஒரு படி மேலே போய்விட்டன. செருகியவுடன் 5 வோல்ட் மட்டும் தரும். பிறகு மடிக்கணினியும் சார்ஜரும் பேசிக்கொள்ளும். எனக்கு 20 வேண்டும், உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டு, சரி என்று பதில் வந்த பிறகே வோல்ட் ஏறும். போன் சார்ஜரை மடிக்கணினியில் செருகினால் ஒன்றும் எரியாது, ஆனால் சார்ஜும் ஏறாது அல்லது நத்தை வேகத்தில் ஏறும். அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். பேச்சுவார்த்தையில் உடன்பாடு ஆகவில்லை, அவ்வளவுதான்.

இடம் இருக்கிறது, ஏற மறுக்கிறது

கல்யாண வீடியோ ஆறு ஜிபி. பென் டிரைவில் முப்பது ஜிபி காலி. ஆனாலும் கோப்பு பெரிதாக இருக்கிறது என்று சொல்லி ஏற்ற மறுக்கிறது. மாதம் இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள். பென் டிரைவ் தன் கணக்கை எழுதி வைக்கும் முறைக்கு ஃபார்மட் என்று பெயர். ஃபேட்-32 என்ற பழைய முறையில் ஒரு கோப்பின் அளவை எழுதும் கட்டமே 4 ஜிபிக்கு மேல் கொள்ளாது. கிடங்கு காலியாகத்தான் இருக்கிறது, பேரேட்டில் அந்த எண்ணை எழுதக் கட்டம் போதவில்லை. எக்ஸ்-ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிவிகள் சில எக்ஸ்-ஃபேட்டைப் படிக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

64 ஜிபி பென் டிரைவ் 59 என்று காட்டுவது ஏமாற்று அல்ல. தயாரிப்பவர் ஜிபியை நூறு கோடி என்று ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ன் மடங்கில் எண்ணுகிறது.

பிரிண்டரை யார் கொன்றது?

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். கார்பன் வைத்து மூன்று பிரதி அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில்தான் பில் போடுவார். புதுக் கணினி வாங்கினார், விண்டோஸ் 11. பிரிண்டர் பேசவே இல்லை. "நல்லாத்தானப்பா ஓடிக்கிட்டிருந்துச்சு, புது சிஸ்டம் வந்து கொன்னுருச்சு" என்று வருத்தப்பட்டார்.

பிரிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் பக்கத்து ஆட்கள் வியாபாரம் செய்ய பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன காலத்தில் கடையில் தமிழும் பர்மிய மொழியும் தெரிந்த ஆள் ஒருவர் இல்லையென்றால் வியாபாரம் எப்படி நடக்கும்? கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவில் அப்படி நிற்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். பழைய விண்டோஸுக்கு எழுதப்பட்ட டிரைவர் புதிய விண்டோஸின் பேச்சைப் புரிந்துகொள்ளாமல் போகலாம். குறிப்பாக 32 பிட் (பிட் கணக்கு என்பது கணினி ஒரு தடவையில் கையாளும் அளவு) விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் 64 பிட் விண்டோஸில் வேலை செய்யாது. விண்டோஸ் 11-ல் 32 பிட் வடிவமே இல்லை, 64 மட்டும்தான். அண்ணன் வைத்திருந்த சிடியில் இருந்தது 32 பிட் டிரைவர்.

இன்னொரு சிக்கல், அந்த பிரிண்டரின் அகலமான பாரலல் முனைக்குப் புதுக் கணினியில் துளையே இல்லை. யூஎஸ்பியாக மாற்றும் கேபிள் ஒன்று வாங்கினோம். அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அதே மாடலுக்கு 64 பிட் டிரைவர் கிடைத்தது. மறுநாள் பில் அடித்தது. அந்த பிரிண்டரின் கரகர சத்தத்தைக் கேட்டு அண்ணன் சிரித்த சிரிப்புக்கு நான் கூலியே வாங்காமல் இருந்திருக்கலாம்.

புது விண்டோஸுக்கு மாறும் முன் பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி ஆகியவற்றின் மாடல் எண்ணைக் குறித்து, டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள். மாறிய பிறகு தேடினால் கடையைப் பூட்டி வைத்துவிட்டுத் தேட வேண்டியிருக்கும்.

மராமத்து வேறு, இடித்துக் கட்டுவது வேறு

அப்டேட், அப்கிரேடு. இரண்டையும் ஒன்றாகவே சொல்லிப் பழகிவிட்டோம். உடைந்த ஓட்டை மாற்றுவது, கசிகிற இடத்தை அடைப்பது, கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது எல்லாம் மராமத்து. அது அப்டேட். வீடு அதே வீடு. இரண்டாங்கட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது அப்கிரேடு. வீட்டின் அமைப்பே மாறும், பழைய அலமாரி புதிய அறையில் நுழையாமல் போகலாம். மராமத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இடித்துக் கட்டுவதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் செய்துவந்த மராமத்து 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. "அப்ப என் சிஸ்டம் நின்னுருமா?" என்று பலர் பதறி வந்தார்கள். நிற்காது. நேற்றுப்போலவே ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் வராது. வீட்டுக் கணினிகளுக்கு, பதிவு செய்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு மராமத்து மட்டும் கிடைக்கும் என்று நீட்டிப்பு அறிவித்தார்கள். வங்கி வேலை, வரி வேலை செய்கிற கணினியை அதற்குப் பிறகும் அப்படியே வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை.

விண்டோஸ் 11-க்கு எல்லாக் கணினியும் பொருந்தாது. கணினியின் மூளையான புராசஸர் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்ததாக இருக்க வேண்டும். தலைமுறையைக் கண்டுபிடிப்பது எளிது. புராசஸரின் பெயர் ஐ5-7400 என்றிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 7 தான் தலைமுறை. ஐ5-8250 என்றால் எட்டு. ஐ5-1135, ஐ5-10400 என்று ஒன்றில் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படியுங்கள், 11 என்றும் 10 என்றும். அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டி அது. தலைமுறை சரியாக இருந்தும் 'டிபிஎம் இல்லை' என்று வந்தால் பயப்படாதீர்கள், பல கணினிகளில் பயாஸ் அமைப்பில் (கணினி எழும்போது விண்டோஸுக்கு முன் ஓடும் அமைப்பு) அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். தெரிந்தவரை வைத்து ஆன் செய்தால் போதும். உரிமமுள்ள விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாற மைக்ரோசாஃப்ட் பணம் கேட்பதில்லை. பொருந்தாத கணினியில் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்று ஏறும், நாளை அப்டேட் வருமென்று எந்த உறுதியும் இல்லை.

எல்லாவற்றையும் புதிதாக்கியே தீரவேண்டும் என்றும் இல்லை. ஓர் அடகுக் கடையில், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் எழுதிய கணக்கு நிரல் இன்னும் ஓடுகிறது. அது 16 பிட் நிரல், 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருளை வைத்து ஓட்டலாம். அந்தக் கடைக்காரர் நாற்பது வயதிலிருந்து அந்தத் திரையிலேயே வட்டி போட்டவர், விரல்கள் தாமாகப் போகும். பழைய கணினியையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். இணைய வயரைப் பிடுங்கிவிட்டேன். தினமும் மாலையில் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துப் பீரோவில் வைக்கச் சொன்னேன். ஒரே வேலைக்கு நிற்கிற கணினிக்கு அது போதும்.

ஐயாவின் இருநூறு பக்கம்

இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தொடங்கினேன்.

கோட்டையூரில் ஒரு பெரியவர், எண்பது வயதைத் தாண்டியவர், தன் குடும்பக் கதையைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். யார் எந்த வருஷம் ரங்கூன் போனார், எந்தக் கல்யாணத்தில் யார் யார் வந்தார்கள், வீட்டுத் தேக்குத் தூண்கள் எப்படி வந்தன என்று இருநூறு பக்கம். அவர் காலமான பிறகு பேரன் அந்தக் கோப்பைப் புது மடிக்கணினியில் திறந்தான். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள், அடைப்புக்குறிகள். தமிழ் ஓர் எழுத்துக்கூட இல்லை. வைரஸ் புகுந்துவிட்டது என்று நினைத்து அழிக்கப் போனான். அவன் அம்மா தடுத்து, கடையில் ஒரு தடவை காட்டிவிட்டு அழிக்கலாம் என்றாராம்.

நான் முதல் வரியைப் பார்த்தேன். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அந்த ஐந்தும் அடுத்தடுத்து நின்றால் அது 'தமிழ்' என்ற சொல். பாமினி எழுத்துருவில் தட்டியது.

நடந்தது இதுதான். கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். சின்ன ஆங்கில ஜே எழுத்துக்கு 106 என்ற எண். பழைய நாட்களில் தமிழுக்கென்று எண்கள் பரவலாக வழக்கத்தில் இல்லாததால், எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்து குடியிருந்த வீட்டிலேயே தமிழைக் குடிவைத்தார்கள். பாமினியில் 106-ஆம் எண் வீட்டில் 'த' என்ற படம் தொங்குகிறது. அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை நமக்குத் 'த' தெரியும். எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் 106-க்கு உண்மையான சொந்தக்காரரான ஜே வந்து நிற்கும். உருவம் ஒன்று, உள்ளே வேறு. ஆச்சியின் கேபிளும் இந்தக் கோப்பும் ஒரே நோயால்தான் வந்தன. இது போதாதென்று ஒவ்வோர் எழுத்துருவும் 'த'வை ஒவ்வொரு வீட்டில் குடிவைத்தது. ஒன்றில் தட்டியது இன்னொன்றில் புரியாது.

யூனிகோடு இதைத் தீர்த்தது. அதில் தமிழுக்கென்று சொந்தமாக ஒரு தெருவே ஒதுக்கப்பட்டது, 2944 முதல் 3071 வரை 128 மனை. 'த' குடியிருப்பது 2980-ல். எந்த ஊர்க் கணினியில் திறந்தாலும், எந்தப் போனில் திறந்தாலும், 2980 என்றால் 'த'தான். வாட்ஸப்பில் நாம் அனுப்பும் தமிழ் மாறாமல் போய்ச் சேருவது இதனால்தான். தமிழக அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. தட்டச்சு செய்ய 1999-ல் சென்னை மாநாட்டை ஒட்டி வகுத்த தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. பழகிய பாமினி விசைப்பலகை அமைப்பிலேயே யூனிகோடாகத் தட்டும் இலவச மென்பொருள்களும் இருக்கின்றன. விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை, எண் மாறினால் போதும்.

பழைய கணினியிலிருந்து எழுத்துருக் கோப்பை முதலில் எடுத்தோம். அதைப் புதியதில் போட்டதும் இருநூறு பக்கமும் தமிழாக எழுந்து வந்தன. பிறகு மாற்றி மென்பொருள் வைத்து யூனிகோடாக்கினோம். ஒற்றும் கொம்பும் சில இடங்களில் இடம் மாறியிருந்தன, அதைப் பேரனே உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தினான். தன் ஐயாவை அப்போதுதான் முழுதாகப் படித்ததாகச் சொன்னான்.

உங்கள் வீட்டில் 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தட்டிய தமிழ்க் கோப்புகள், கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பங்காளிகள் பட்டியல் எதுவாக இருந்தாலும், கணினியை மாற்றுவதற்கு முன் திறந்து பாருங்கள். ஃபார்மட் அடித்துவிட்டால் எழுத்துருவும் போய்விடும். எந்த எழுத்துரு என்று பெயர் தெரிந்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மெதுவாக இருக்கிறது என்றால்

எட்டுப் பத்து வருஷத்து மடிக்கணினி மெதுவாக இருக்கிறது என்று வந்தால், சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால், சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி போடுங்கள் என்பேன். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டின் மேல் ஊசி ஓடி ஓடித் தேடுவதுதான் தாமதம். எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, ஓடுவதும் இல்லை. மூன்று நிமிடம் காத்திருந்து திறந்த கணினி அரை நிமிடத்துக்குள் திறப்பதைத் தினமும் பார்க்கிறேன்.

இங்கேயும் அதே கதை. சூயிங்கம் பட்டை போல இருக்கும் எம்-2 வகை எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு மொழிகள். சாட்டா மட்டும் தெரிந்த துளையில் என்விஎம்இ பட்டையைச் செருகினால் கணினி அதைப் பார்க்கவே பார்க்காது. ராம் என்ற நினைவகப் பட்டை மட்டும் விதிவிலக்கு. டிடிஆர்-3, டிடிஆர்-4 பட்டைகளின் வெட்டுப்பள்ளம் வேறு வேறு இடத்தில் இருக்கும். தவறானது உள்ளேயே போகாது. போகவில்லையென்றால் அழுத்தாதீர்கள்.

வைஃபை பற்றியும் ஒரு வார்த்தை. ரூட்டரை முகப்பில் வைத்துவிட்டு இரண்டாங்கட்டில் வரவில்லை என்கிறார்கள். நம் வீட்டுச் சுவர்களின் கனம் அப்படி. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 கொஞ்சம் தூரம் போகும். வானம் பார்த்த வளவின் ஓரத்தில் ரூட்டரை வைத்தால் அலை திறந்த வெளி வழியாக நாலு பக்க அறைக்கும் போகும். அதுவும் போதாதென்றால் லேன் கேபிள் இழுத்துப் பின்கட்டில் இன்னொரு ரூட்டர். அந்தக் கேபிள் நூறு மீட்டர் வரை தாங்கும், இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டுக்கும் போதும். பழைய மடிக்கணினிகள் சிலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியவே தெரியாது, ரூட்டரின் பெயரையே காட்டாது. அப்போது 2.4-ல் இணையுங்கள்.

எதை வாங்கக் கிளம்பினாலும் பழைய சாமானின் முதுகில் இருக்கும் ஸ்டிக்கரையும், அது போகிற துளையையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். 'பழசு மாதிரியே ஒண்ணு' என்று சொல்வதைவிட அந்த இரண்டு படம் கடைக்காரருக்கு உதவும்.

ஆச்சி புதுக் கேபிளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, பையிலிருந்து வெள்ளைத் துணிநாடா எடுத்தார்கள். வீட்டில் பாத்திரத்துக்கெல்லாம் பெயரின் முதலெழுத்துகளை விலாசமாக வெட்டி வைத்திருப்பவர்கள், வயரை மட்டும் சும்மா விடுவார்களா? நாடாவைக் கேபிளில் கட்டி, "இதுல மானிட்டர்னு எழுதுங்க தம்பி" என்றார்கள். எழுதினேன். பழைய வெள்ளை கேபிளையும் நீட்டினார்கள்.

"இதுல போனுன்னு எழுதுங்க. எழுத்து பெருசா இருக்கட்டும்."